சமையலறைச் சுவரில் ஊதாக் கோடுகள்

கண்ணகி அக்காவின் கைப்பையில் எப்போதும் ஓர் ஊதா மார்க்கர் கிடக்கும். சீப்பு, தலைவலித் தைலம், வெள்ளிமலை பஸ்ஸுக்கான சில்லறை, அதோடு அது. அதன் சொந்த மூடி என்றைக்கோ தொலைந்துபோய், வேறேதோ பேனாவின் மூடியை நூல் சுற்றி இறுக்கி மாட்டியிருப்பார். ஜவுளிக்கடையில் துணி பண்டல் மேல் நம்பர் போடுகிற மார்க்கர். தண்ணீர் பட்டாலும் போகாது, சோப்புப் போட்டாலும் போகாது.

"கழுத்துல தாலி இல்லாம கூட இருப்பேன், இது இல்லாம இருக்க மாட்டேன்" என்பார். கல்யாணமே ஆகாதவர் இப்படிச் சொல்கிறாரே என்று ஷாலினி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நான் இருக்கும் இந்த இங்கிலாந்து ஊரில் அடுத்த மாதம் வீடு மாற்றுகிறேன். ஏஜென்ட் பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். எந்தக் கதவில் எந்தக் கீறல், எந்தக் கார்ப்பெட்டில் எந்தக் கறை என்று எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றையும் நான்கு முறை போட்டோ எடுத்துவிட்டேன். ஐந்தாவது முறை எடுக்கக் குனிந்தபோது அக்காவின் ஞாபகம் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டைக் காலி செய்வது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஊர் மணலூர்பேட்டை. ஷாலினி தியாகதுருகம் பக்கம். செல்போன் கடையில் வேலை. கண்ணகி அக்கா கல்வராயன் மலை. வெள்ளிமலையில் இறங்கி இன்னும் ஆறு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டிய ஊர். பத்தாவது முடித்துக் கீழே இறங்கியவர், பதினெட்டு வயதில் கடையில் பண்டல் பிரிக்கிற ரூமில் சேர்ந்தார். நாங்கள் ஒன்றாக இருந்தபோது அவருக்கு முப்பத்தொன்று. அதற்குள் பட்டுச் சேலைப் பிரிவில் நிற்கிற அளவுக்கு வந்திருந்தார்.

வீட்டைப் பிடித்தது நான். வீட்டுக்காரர் சிங்கராயருக்குச் சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டி. என் அம்மாவும் அவரும் ஒரு காலத்தில் ஒரே சர்ச், ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். "நம்ம ஜனம்னு தர்றேன், இல்லைன்னா தனியா இருக்கிற பொண்ணுங்களுக்கு நான் விடறதில்ல" என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று வருடம் நன்றியோடு இருந்தேன். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

குடிபோன அன்றைக்கு, 2020 டிசம்பரில், பால் பொங்கும்போது அடுப்படியில் நானும் ஷாலினியும் மட்டும்தான் நின்றோம். அக்கா மார்க்கரும் கையுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஹால் ஜன்னல் ஓரம் இருந்த விரிசலைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் தேதி. பாத்ரூம் கதவின் கீழே உளுத்துப்போன இடத்தில் ஒரு வட்டம், தேதி. சமையலறை மேல்மூலையில் ஒரு தோசைக்கல் அளவுக்கு ஈரம் பூத்திருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, அதன் விளிம்பை அப்படியே பிடித்துக் கோடு இழுத்தார்.

"அக்கா, ஓனர் வந்தா இன்னா சொல்வாரு?" என்று நான் பதறினேன்.

"வந்தா நல்லதுதான. வந்து பாக்கட்டும்."

"வூடு புதுசா வாங்குன மாதிரி கிறுக்கிக்கினு இருக்கீங்களே."

"இது கிறுக்கறது இல்ல அமுதா. பண்டல் வந்த உடனே எதுல எவ்ளோ ஓட்டைன்னு போட்டு வச்சிடணும். போடாம மடிச்சு உள்ள வச்சியோ, மடிச்சவ மேலதான் பழி."

அந்தப் பழியை அவர் சுமந்திருக்கிறார். கடையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு சேலையின் முந்தானைப் பக்கம் பூச்சி அரித்த மாதிரி சின்ன ஓட்டை. பிரிக்கும்போதே பார்த்தார். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. மலையிலிருந்து வந்த பெண், வாய் திறந்தாலே பேச்சைப் பார்த்துச் சிரிப்பார்கள். பேசாமல் மடித்து வைத்துவிட்டார். அடுத்த வாரம் அந்தச் சேலை திரும்பி வந்தது. நகம் பட்டுக் கிழித்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் அவர் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார்களாம். சம்பளத்தில் பிடித்ததைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. நகத்தைப் பார்த்ததைத்தான் சொல்லுவார். அன்றைக்கே ஒரு மார்க்கரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சமையலறை ஈரம் மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தது. மோட்டார் போட்டால் தொட்டியின் அடிப்பக்கம் கசிந்து சுவர் வழியே இறங்கும். ப்ளம்பர் பார்த்துவிட்டு, குழாயில் ஒன்றுமில்லை, தொட்டியே விரிசல், ஓனர்தான் செய்யணும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஓனருக்குப் போன் செய்தோம்.

"பாத்துக்கலாம்மா" என்றார்.

அதற்கப்புறம் அவருக்கு எங்கள் வீட்டில் பெயரே 'பாத்துக்கலாம் சார்'. தொட்டி மூடி காற்றில் பறந்து போனபோது பாத்துக்கலாம். மழையில் மீட்டர் பெட்டியில் ஷாக் அடித்தபோதும் பாத்துக்கலாம். சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் கடலா இருக்கிறது? பஸ் ஏறினால் அரை மணி நேரம். மூன்று வருடத்தில் ஒரு தடவை கூட வரவில்லை. கொஞ்ச நாளில் போனை எடுப்பதையும் விட்டுவிட்டார். நான்தான் சமாதானம் சொல்லுவேன். "மண்டில பிசியா இருப்பாரு. வயசானவரு வேற."

"அவரு மண்டில மூட்டை நனைஞ்சா இப்டி இருப்பாரா?" என்பார் அக்கா.

ஒவ்வொரு மழைக்காலமும் ஈரம் கொஞ்சம் இறங்கும். அக்கா ஸ்டூலில் ஏறிப் புது விளிம்புக்குப் புதுக் கோடு போடுவார், பக்கத்தில் தேதி எழுதுவார். அன்றைக்கே சிங்கராயருக்கு ஒரு போனும் போடுவார். எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் மிஸ்டு கால். வட்டமாக ஆரம்பித்தது, ஒன்றின் கீழ் ஒன்றாக மேடும் பள்ளமுமாக வளர்ந்து, இரண்டாம் வருடம் சுவரின் பாதிக்கு வந்துவிட்டது. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் பஸ் திரும்பும்போது கல்வராயன் மலை ஒன்றின் பின்னால் ஒன்றாகத் தெரியுமே, அப்படியே இருக்கும். ஷாலினி அதற்குப் பெயர் வைத்தாள். "அக்கா, இது உங்க ஊரு. இதோ இங்கதான் பஸ் ஸ்டாப்பு." சுவரில் ஒரு புள்ளி வைத்து 'வெள்ளிமலை' என்று பென்சிலால் எழுதியும் விட்டாள்.

அந்தச் சுவருக்குக் கீழேதான் நாங்கள் சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பும்போது அக்கா பலாப்பழத்தை வெட்டிச் சுளையாகவே கொண்டு வருவார், சாமை அரிசி கொண்டு வருவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களெல்லாம் வாசனைக்கு ஒரு சுளை கேட்டு வாங்கிய கதையோடு வருவார். துணி மடிக்கிற கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே எங்கள் துண்டு, தலையணை உறை, பேப்பர் எல்லாவற்றையும் கடையில் அடுக்குகிற மாதிரி விளிம்பு பிசகாமல் மடித்து வைத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து வந்து படுக்கும்போது என் போர்வை கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பட்டுச் சேலை போல இருக்கும். கலைக்க மனசே வராது. இங்கே கம்ஃபர்ட்டரைத் தரையிலிருந்து எடுத்துப் போர்த்திக்கொள்ளும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.

2023 ஜூனில் எல்லாம் ஒன்றாகக் கலைந்தது. எனக்கு விசா வந்தது. ஷாலினிக்கு நிச்சயம் முடிந்து ஆவணியில் கல்யாணம். இருவரும் போனால் அந்த வாடகை அக்கா ஒருவருக்குக் கட்டுப்படியாகாது. சரியாக அப்போதுதான் அக்காவின் தங்கை எழில்மதிக்கு அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பி.எஸ்சி. வேதியியல். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாவது தாண்டியது அவள்தான் முதல். ஹாஸ்டலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மலையிலிருந்து தினமும் வந்து போனால் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து மணி நேரம் பஸ்ஸிலேயே போகும். "கீழ அக்காகூட தங்கறதுக்கு வூடு இருந்தா போவட்டும். இல்லைன்னா வேணாம்" என்று அவர்கள் அப்பா முடித்துவிட்டார்.

வீடா? மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து கள்ளக்குறிச்சியில் காலி வீடு என்றால் ஆபீஸ்காரர்களுக்குத்தான். அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் தெருத் தெருவாக அலைந்தார். கடைசியில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. வீட்டம்மா ரங்கம்மாள், சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். நானும் அக்காவோடு போயிருந்தேன்.

"எந்த ஊரும்மா?"

"மலைங்க. வெள்ளிமலைக்கு அந்தாண்ட."

"ஆம்பள யாரும் இல்லியா?"

"நானும் என் தங்கச்சியும்தாங்க."

ரங்கம்மாள் முறத்திலிருந்த கீரையை ஆய்ந்துகொண்டே யோசித்தார். "உன்னைப் பாத்தா நல்ல மாதிரிதான் தெரியுது. ஆனா பாக்கறத வச்சு வூடு வுட முடியாது பாரு. இப்ப இருக்கிற ஓனர் ஒரு வார்த்தை சொல்லட்டும், வூட்டை ஒழுங்கா வச்சிருந்தாங்கன்னு. அது போதும். ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடு. ஆடில யாரும் குடி வர மாட்டாங்க, ஒரு மாசம் பூட்டி வைக்க எனக்கு முடியாது. தாலுகா ஆபீஸ்லேருந்து வேற ஒருத்தரு கேட்டுக்கினு இருக்காரு."

அன்றைக்கு ஜூலை மாதம் எட்டாம் தேதி, சனிக்கிழமை. ஆடி பிறப்பது பதினேழாம் தேதி திங்கட்கிழமை. பதினாலு வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அக்கா அங்கேயே சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் ஒரு வார்த்தை வேண்டும். அட்வான்ஸ் திரும்ப வருமா வராதா என்று கூட யாரும் பேசவில்லை. போனையே எடுக்காத ஒருவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை எப்படி வரும் என்பதுதான் கவலை.

காலி செய்யப்போகிறோம் என்று ஜூனிலேயே அவருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன், அதற்கும் பதில் இல்லை. மூன்று பேரும் மாற்றி மாற்றி அடித்தோம். எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஷாலினி என்னையும் தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு புது சிம்மிலிருந்து அடித்தாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார். "மண்டியா? மக்காச்சோளம் இன்னா வெலை?" என்று ஆரம்பித்து, அவர் உற்சாகமாகப் பேச ஆரம்பித்ததும், "சார், நாங்கதான், கள்ளக்குறிச்சி வூடு. லைன்லயே இருங்க" என்று என்னிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

என் குரலைக் கேட்டதும் அவர் குரல் மாறியது.

"அமுதாவா? நானே கூப்புடணும்னு இருந்தேன். புதுசா குடி வர்றவங்கள வூடு பாக்க அனுப்புனேன். செவுரெல்லாம் கிறுக்கி வச்சிருக்கீங்களாமே? சமையல்கட்டுல ஏதோ படம் வரைஞ்சு ஊரு பேரெல்லாம் எழுதி? உங்கம்மா மொகத்துக்காகத்தான் குடுத்தேன். இப்டியா வச்சிருப்பீங்க?"

"அங்கிள், அது தண்ணி ஒழுவி..."

"வியாழக்கிழமை காலைல வர்றேன். நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ரிலீவிங் லெட்டர் வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விமானம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு. இப்போது யோசித்தால் புரிகிறது: ஒழுகுகிற தொட்டியை மூன்று வருடம் திரும்பிப் பார்க்காதவரைப் பார்த்துத்தான் நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் படித்த இரண்டு பள்ளிகளிலும், தமிழ் மீடியத்திலும் இங்கிலீஷ் மீடியத்திலும், முதல் மார்க் வாங்கியது நன்னடத்தைக்குத்தான். சுவரைச் சுத்தமாகக் காட்டிவிட்டால் அவர் கோபம் போய்விடும், அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. யாரையும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பழனி என்கிற சுண்ணாம்பு அடிப்பவரைக் கூட்டி வந்தேன்.

"ஒரு கோட்டு அடிச்சா போதாதும்மா" என்றார் அவர், கோடுகளை விரலால் தேய்த்துப் பார்த்து. "செவுரு வேற ஈரமா இருக்கு. காய வுட்டு ரெண்டு கோட்டு, மூணு கோட்டு..."

"நேரம் இல்லைங்க. ஒண்ணு போதும்."

பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. காயக் காய சுவர் வெளுத்துக்கொண்டே வந்தது. மலையும் இல்லை, வெள்ளிமலை பஸ் ஸ்டாப்பும் இல்லை. ஹால் விரிசலுக்கும் பாத்ரூமுக்கும் மேல் கூட இழுத்துவிடச் சொல்லியிருந்தேன். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு இறங்குகிற வாரம். அக்கா சாப்பிட வரவே இரண்டரை ஆகிவிட்டது. டிபன் பாக்ஸை வைக்க சமையலறைக்குள் போனவர் அப்படியே நின்றார்.

"யாரு அடிக்கச் சொன்னது? அவரா?"

"நான்தான் அக்கா. அவரு கோவமா இருந்தாரு. சுத்தமா இருந்தா..."

அக்கா சுவரில் கை வைத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளை.

"மூணு வருசத்து சாட்சி அமுதா. ஒரு பக்கெட் சுண்ணாம்புல கரைச்சிட்ட." குரல் உயரவில்லை. "இப்ப வெள்ளைச் செவுத்துக்கு மேல ஈரம் மட்டும் ஏறும். தேதி இருக்காது. இவளுங்க நேத்து பண்ணதுன்னு சொல்லுவாரு. நகத்தைக் காட்டுன்னு சொல்லுவாரு."

நின்றபடியே தயிர்ச் சோற்றை நாலு வாய் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கை கழுவியும் விரல் இடுக்கில் வெள்ளை இருந்தது எனக்குத் தெரிந்தது. என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. மாடித் தொட்டிப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா திரும்பி வந்து யாரோடும் பேசாமல் படுத்துவிட்டார். புதன்கிழமை காலை சுவர் சாம்பல் நிறமாகிவிட்டது. நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. வெளியிலேயே டீ குடித்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை ஷாலினி கத்தியதில்தான் விழித்தேன்.

"அக்கா! ஓடியாங்க! உங்க ஊரு திரும்ப வந்துடுச்சு!"

மூவரும் போய் நின்றோம். வெள்ளைக்குள்ளிருந்து கோடுகள் மேலே வந்திருந்தன. ஈரம் ஏறிய இடமெல்லாம் சுண்ணாம்பை மீறி ஊதா மை எட்டிப் பார்த்தது. முன்பு போல அடர்த்தியாக இல்லை. தூரத்து மலை மாதிரி வெளிறி, ஒன்றின் கீழ் ஒன்றாக. தேதிகள் கொஞ்சம் பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. பென்சிலால் எழுதிய 'வெள்ளிமலை' மட்டும் போனது போனதுதான்.

அக்கா கிட்டே போய் ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு கோட்டுதான் அடிச்சியா?"

"ஆமாங்க்கா."

"நல்ல வேளை, நீ கஞ்சத்தனம் பண்ண" என்றார். இரண்டு நாளுக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசியதே அப்போதுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சிங்கராயர் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. அக்கா கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கியிருந்தார். சிங்கராயர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"எங்க, அந்தக் கிறுக்கலைக் காட்டுங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில், "உள்ள வாங்க சார். உக்காருங்க" என்று சமையலறையில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பட்டுச் சேலைப் பிரிவில் நிற்பது போலச் சுவரோரம் நின்றுகொண்டார்.

"எதுலேருந்து காட்டட்டும் சார்?"

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"இது நாங்க பால் காய்ச்சுன அன்னிக்கு. ஒரு தோசைக்கல்லு அளவு. இது அடுத்த வருசம் நவம்பர், மூணு நாள் மழை பேஞ்சுதே, அது. இது அதுக்கு அடுத்த மாசம், இங்க வரைக்கும் எறங்கிடுச்சு. இது போன வருசம். அன்னிக்குத்தான் மீட்டர் பொட்டில ஷாக் அடிச்சுது. இது ரெண்டு மாசம் முன்ன."

"இதெல்லாம் நீயே போட்டுக்கினது தானம்மா? யாரு வேணா கோடு போடலாம்."

"தேதி நான் போட்டது சார். ஈரம் நீங்க போட்டது."

ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒவ்வொரு தேதிக்கும் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கேன். எடுத்தது கம்மி, எடுக்காதது ஜாஸ்தி. மாடில தொட்டியைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் மாடிக்குப் போனார். நாங்கள் கீழேயே நின்றோம். மேலே செருப்புச் சத்தம் போய், நின்று, ரொம்ப நேரம் நின்று, மெதுவாக இறங்கியது. வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை பாசி.

"தொட்டில அரசங்கன்னு மொளைச்சிருக்கே" என்றார்.

"ரெண்டு வருசமா மொளைச்சிருக்கு சார்" என்றாள் ஷாலினி. "நாங்க பேரு கூட வச்சிட்டோம்."

என்ன பேர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து மீதித் தண்ணீரைக் குடித்தார். சுவரை மறுபடியும் கீழிருந்து மேலே பார்த்தார். மண்டியில் ஈர மூட்டையைக் கண்டால் இப்படித்தான் பார்ப்பாரோ என்னவோ.

"இப்ப உனக்கு இன்னாம்மா வேணும்?"

"ஒரு வார்த்தை சார். நான் போற வூட்டம்மாகிட்ட." அக்கா ஏற்கெனவே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் போனை வைத்துவிட்டார்.

"வணக்கம்மா. நான் சின்னசேலம் சிங்கராயர் பேசறேன். கண்ணகி இருக்கிற வூட்டு ஓனரு." தொண்டையைச் செருமிக்கொண்டார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் மார்க்கர், அந்த ஒட்டு மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "பொண்ணுங்க நல்ல மாதிரிதான். வாடகை தேதி தவறுனதில்ல. சத்தம் சண்டை எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் நான் சொல்லலன்னு சொல்லாதீங்க. வூட்ல எங்கனா ஒழுவுச்சின்னா இந்தப் பொண்ணு செவுத்துலயே எழுதிடும்."

அக்காவின் கை நின்றுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து ஒரு வார்த்தை கேட்டால் அதையும் இப்படிச் சொல்லித் தொலைத்தாரே என்று இருந்தது.

"இன்னான்னு எழுதும்?" என்று கேட்டார் ரங்கம்மாள்.

"தேதி போட்டு எழுதும்மா. எது வரைக்கும் ஈரம்னு கோடு வேற இழுக்கும்."

"அப்டியா? எம் மாடி வூட்லயும் ஒரு மூலைல ஒழுவுதுங்க. எங்கேருந்து வருதுன்னு ஒரு கொத்தனாருக்கும் தெரியல, வர்றவன்லாம் ஒவ்வொரு எடத்த ஒடைச்சிட்டுப் போறான். அந்தப் பொண்ணு இருக்குதா பக்கத்துல? நாளைக்கே பால் காய்ச்சச் சொல்லுங்க. பேனாவையும் எடுத்தாரச் சொல்லுங்க."

சிங்கராயர் போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. ஆனால் சுவருக்குப் பெயின்ட் என்று அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அந்த அளவில் அவர் மாறவில்லை. என் அம்மாவுக்குப் போன் போடவும் இல்லை. அவர் பைக் தெரு முனை திரும்பும் வரை பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "மொத தடவையா வந்தாரு பாரு, நாம போகும்போது."

வெள்ளிக்கிழமை காலை ரங்கம்மாள் வீட்டு மாடியில் பால் பொங்கியது. எழில்மதி முதல் பஸ்ஸில் தகரப் பெட்டியோடு இறங்கியிருந்தாள். பெட்டிக்குள் துணியை விடப் பலாச்சுளை ஜாஸ்தி. நானும் ஷாலினியும் அடுப்படியில் நின்றோம். அக்கா வழக்கம் போல அங்கே இல்லை. ஹாலில் ரங்கம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே நின்று கோடு இழுத்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் அந்தாண்ட போம்மா, அங்க கூட நசநசன்னு இருக்கும்" என்று கீழேயிருந்து ரங்கம்மாள் காட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் விமானம் ஏறினேன்.

எழில்மதிக்கு இப்போது கடைசி வருடம். போன வாரம் அக்காவோடு பேசும்போது இங்கே வீடு மாற்றுவதைச் சொன்னேன். குளிர்காலத்தில் ஜன்னல் ஓரம் பூஞ்சை பிடித்ததையும், அதை நான் துடைத்துத் துடைத்து வைத்ததையும் சொன்னேன்.

"வூட்டுக்காரனுக்குச் சொன்னியா?"

"இல்லைங்க்கா. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

"எங்க, உன் போன்லயா? மறுபடியும் சுண்ணாம்பு அடிச்சிக்கினு இருக்கியா நீ? மொதல்ல அனுப்பு. அனுப்பிட்டு எனக்குச் சொல்லு."

அன்றைக்கே ஏஜென்டுக்கு அனுப்பினேன், தேதியோடு. இன்னும் பதில் வரவில்லை. அக்காவிடம் சொன்னதும் அவர் ஒரு போட்டோ அனுப்பினார். ரங்கம்மாள் வீட்டு ஹால் மூலை. ஊதாவில் ஒரே ஒரு கோடு, எங்கள் தோசைக்கல்லில் பாதி கூட இல்லை. பக்கத்தில் அக்கா எழுதிய தேதி, 14.7.23. அதற்குக் கீழே, அதே மார்க்கரில், வயதானவர்களுடைய நடுங்குகிற பெரிய எழுத்தில், பதினோரு நாள் கழித்து இன்னொரு தேதி: 'கண்டுபிடிச்சு அடைச்சாச்சு. ரங்கம்மாள்.'